எனக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன நாள்

பருத்திப்பட்டு, ஆவடி.
21-11-1993

அன்பு மகள் லோகநாயகிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். தில்லியில் குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும், நீயும் சளி இருமல் எதுவும் அண்டாமல் நன்றாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் இதை ஆரம்பிக்கிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய புடவை வந்து சேர்ந்தது. அம்மா அதைக் கட்டிக்கொண்டு தெருவில் பலகாரம் கொடுக்கப் போய்விட்டு வந்து, கலர் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே மறுநாளும் அதையே கட்டினாள். மழை விடாமல் பெய்து ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, நம் தெருமுனையில் கணுக்காலளவு தண்ணீர், பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். குடிதண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி அம்மாள் வீட்டுக்கு டெலிபோன் வந்துவிட்டது, ஆனால் நான் இப்போது எழுதப்போவதை அவர்கள் கூடத்தில் நின்றுகொண்டு பேச முடியாது, எஸ்.டி.டி. பூத்திலும் பின்னால் நிற்கிறவர்கள் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

ரிசல்ட் வந்ததா, ரிசல்ட் வந்ததா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். நானும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு மழையையும் விலைவாசியையும் எழுதி அனுப்பினேன். மனிதன் எப்படி அறிகிறான் என்கிற அந்த அறிவாராய்ச்சிப் பேப்பரைப் பிரமாதமாக எழுதியிருக்கிறேன் என்று ஜூன் மாதம் எழுதினேனே, அது உண்மையில்லை அம்மா. அந்தப் பேப்பரில் நான் பிட் வைத்து எழுதி மாட்டிக்கொண்டேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மாட்டிக்கொண்டதோடு போயிருந்தால் என்றைக்காவது உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கு உன் போட்டோவைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. போன கடிதத்தில், ரிட்டயரான பிறகு எம்.ஏ. படிக்கிற அப்பாவைப் பற்றி உன் மாணவர்களிடம் சொன்னதாகவும் அவர்கள் கைதட்டியதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

நான் ஏன் இந்த அஞ்சல்வழி எம்.ஏ.வில் சேர்ந்தேன் என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. வீட்டில் பொழுது போகவில்லை என்றுதான் சொன்னேன். ரிட்டயரான வருஷம் நீ உன் சிநேகிதியோடு வந்திருந்தபோது முன் அறையில் உட்கார்ந்து உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மனிதன் எப்படி அறிகிறான் என்று எழுதியவர்களெல்லாம் வயதை எப்படிப் பார்த்தார்கள், குழந்தையின் அறிவைப் பற்றி என்ன சொன்னார்கள், முதுமையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று. நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நானும் வாயைத் திறந்து ஏதோ கேட்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்து, பி.பி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா அப்பா என்று கேட்டாய். உன் மேல் தப்பில்லை, அன்பாகத்தான் கேட்டாய். எனக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இவள் எழுதுவதை நான் படித்துப் புரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில்தான் தேவராஜ் பழக்கம். நசரத்பேட்டைப் பையன், அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. அவனுக்கு அப்பா இல்லை, அம்மா அங்கம்மா முன்பெல்லாம் கழனி வேலைக்குப் போனவள், கழனியெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போகிறாள். ஏனப்பா தத்துவம் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "இதுல கணக்கு கெடையாதுன்னாங்கோ சார், அதான்" என்றான். எந்த எம்.ஏ.வானாலும் முடித்துவிட்டால் அவனை மெஷினிலிருந்து எடுத்து வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தாராம். வேலை விட்டதும் சைக்கிளைப் பருத்திப்பட்டு வழியாகத் திருப்பிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா அவனுக்கு இரண்டு தோசை ஊற்றிப் போடுவாள், அவன் தட்டைத் தானே கழுவி வைப்பான், பிறகு இருவரும் உட்கார்ந்து படிப்போம். அவனுக்கு மனப்பாடம் தண்ணீர் மாதிரி வரும், ஆனால் எதைப் படிக்கிறோம் என்று கவலையே இல்லை. எனக்கோ படிக்கும்போது எல்லாம் விளங்கும், அவனுக்கு உதாரணத்தோடு எடுத்துச் சொல்லவும் முடியும், காலையில் எழுந்தால் பெயரும் இருக்காது, எந்த நூற்றாண்டு என்பதும் இருக்காது.

அந்தப் பாடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன் லோகா, அதை உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டேன். அந்தப் பெரியவர்களின் எழுத்தில் குழந்தை அடிக்கடி வருகிறது. பிறக்கும்போதே நமக்குச் சில உண்மைகள் தெரியும் என்கிறார் ஒருவர், அப்படியானால் கைக்குழந்தையைக் கேட்டுப் பாரும் என்கிறார் இன்னொருவர். வயதானவர் எப்போதாவது வருகிறார், நினைவு தேய்ந்துபோவதற்கு உதாரணமாக. ஆனால் எழுதுகிறவருக்கு மட்டும் வயதே இல்லை. அவர் குழந்தையாக இருந்ததும் இல்லை, கிழவராகப் போவதும் இல்லை, எப்போதும் நடுவயதில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மற்ற இருவரையும் அளந்துகொண்டிருக்கிறார். ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தபோது நாங்கள் பாகங்களை அளக்கிற கேஜையே தவணை தவறாமல் எடுத்துப் போய் அளந்து பார்ப்போம், தேய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம். இவர்கள் கேஜை யாரும் அளந்து பார்க்கவில்லையே என்று தோன்றியது. இதைத் தேவராஜிடம் சொன்னபோது, "சூப்பரா கீது சார், இத்தயே எழுது" என்றான். புத்தகத்தில் இல்லாததை எழுதினால் மார்க் போட மாட்டார்கள் என்றேன்.

பிட் எழுதலாம் என்ற யோசனை என்னுடையதுதான். அவன் கேட்கவில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியும், டிராயிங்கில் குறிப்பு எழுதிப் பழகியது. பெயர், காலம், கொள்கை, இரண்டு வரி விளக்கம் என்று பொடி எழுத்தில் எழுதி, ஆவடி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சின்னதாக்கி இரண்டு காப்பி எடுத்து வந்து, ஒன்றை அவனிடம் கொடுத்தேன். அவனுக்கு அது தேவையே இல்லை, எல்லாம் மனப்பாடம். "வாணாம் சார், மாட்டிக்கினா அசிங்கம்" என்றுதான் சொன்னான். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா, நினைவு வேறு அறிவு வேறு தேவராஜ், பெயர்களை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன, புரிந்துகொண்டது நம்முடையதுதானே என்று தத்துவம் பேசினேன். அவனுக்குக் கொடுக்காமல் நான் மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கு உறுத்தும், இருவரும் வைத்துக்கொண்டால் உறுத்தாது, உள்கணக்கு அவ்வளவுதான். நீங்க சொன்னா சரி சார் என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

பரீட்சை அன்று பட்டணத்தில் ஒரு கல்லூரியில் சென்டர். கேள்வித்தாளைப் பிரித்தால் கட்டாயம் எழுத வேண்டிய முதல் கேள்வியே, மனித அறிவைப் பற்றிய தத்துவ எழுத்துகளில் வயது என்ற கருத்து எவ்வாறு கையாளப்பட்டுள்ளது, விவாதிக்க. உன் கேள்வி லோகா. நான் பிட்டைத் தொடாமல் என் மனதில் இருந்ததை எழுதியிருக்கலாம். ஒரு பக்கம் எழுதினேன்கூட. பிறகு, பெயரில்லாமல் எழுதினால் கிழவன் உளறியிருக்கிறான் என்று நினைப்பார்களோ என்று பயம் வந்தது. பிட்டை எடுத்து விடைத்தாளுக்கடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். அப்போது பறக்கும் படை உள்ளே வந்தது. முதலில் எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் இருந்த தேவராஜை எழுப்பினார்கள். அவன் பையில் வைத்ததை வெளியே எடுக்கக்கூட இல்லை, சட்டையைத் தடவிப் பார்த்து எடுத்தார்கள். அடுத்து என் அருகில் ஒரு பெண் வந்து நின்றாள், உன் வயதுதான் இருக்கும், அவளும் எங்கோ லெக்சரராக இருக்க வேண்டும். விடைத்தாளை மெதுவாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஐயா, எழுந்திரிங்க" என்றாள். சத்தம் போடவில்லை. ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது.

எங்கள் இருவரையும் சூப்பரின்டெண்டென்ட் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே போகிற வராந்தா நீளமானது. நான் மெதுவாக நடந்தேன். எனக்கு முட்டி வலி கிடையாது என்று உனக்குத் தெரியும், தினமும் ஏரிக்கரையைச் சுற்றி நடக்கிறவன். ஆனாலும் முதுகை வளைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் இழுத்து நடந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அறையில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள், தேவராஜ் நின்றுகொண்டிருந்தான். சூப்பரின்டெண்டென்ட் இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கையெழுத்து. எவன்டா எழுதினது?" என்று தேவராஜைப் பார்த்துக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, இந்தப் பையன்தான் உங்களுக்குக் குடுத்தானா? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. கதவு திறந்த மாதிரி இருந்தது எனக்கு. "எனக்கு வயசாயிடுச்சுங்க, ஒண்ணும் புரியலீங்க, குடுத்தாங்க, வாங்கி வெச்சிக்கிட்டேன்" என்றேன். யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. கண்ணீர்கூட வந்தது. என் மகள் தில்லியில் தத்துவ லெக்சரர், அவளுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். உன்னையும் அந்த அறைக்குள் இழுத்துவிட்டேன், அதற்கும் மன்னித்துக்கொள்.

தேவராஜ், "சார்..." என்று ஒரு தரம் கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியவர் விவரம் தெரியாமல் செய்துவிட்டார், எச்சரித்து அனுப்பலாம் என்று முடிவாயிற்று. அவன் மேல் ரிப்போர்ட் எழுதினார்கள். அந்தப் பெண் என்னைத் திரும்பவும் ஹாலுக்குக் கூட்டிவந்து என் இடத்தில் உட்கார வைத்து, "பயப்படாம எழுதுங்க ஐயா" என்றாள். நான் எழுதினேன் லோகா. அந்தப் பையனின் பெஞ்ச் காலியாக இருக்க, அவன் பேனா மூடி அங்கேயே கிடக்க, வயதானால் அறிவு குறையும் என்று சொல்வது எவ்வளவு தவறு என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு வெளியே வந்தேன். அவன் போய்விட்டிருந்தான். அன்று மாலையே, பிரமாதமாக எழுதியிருக்கிறேன் என்று உனக்கு அந்த ஜூன் மாதக் கடிதத்தையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அம்மா கேட்டாள், பட்டறையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். தினமும் அந்த நேரத்துக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுவேன். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் மத்தியானம் அங்கம்மாவே வந்துவிட்டாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தாள். மூன்று வருஷம் பரீட்சை எழுதத் தடை போடப்போவதாகப் பையனுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவன் போகமாட்டேன் என்கிறான், வாயைத் திறக்கவும் மாட்டேன் என்கிறான். "ஐயா, ஒங்களாண்டதான் படிச்சிகினு இருந்தான். நீங்க பெரியவரு, நல்லது கெட்டது தெரிஞ்சவரு. நீங்க ஒருவாட்டி வந்து இவன் நல்ல புள்ளன்னு சொன்னீங்கன்னா வுட்ருவாங்கோ" என்று கைகூப்பினாள். அவன் அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, போய்ச் சொல்லிட்டு வாங்களேன், அந்தப் புள்ளைக்காக இதுகூடச் செய்யக் கூடாதா என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அங்கம்மா தெருமுனை திரும்பியதும் அம்மாவிடம் சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்டவ்வை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "வயசாயிடுச்சுன்னு நீங்களே உங்க வாயால சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே. படிக்கட்டுல கை குடுத்தாக்கூட உதறுவீங்களே. அங்க போயி எப்படிச் சொல்ல வாய் வந்தது?" என்றாள். பழத்தை எடுத்து என் கையில் கொடுத்து, இதை நான் இந்த வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன், போய் அவளிடமே கொடுத்து, கொடுக்கும்போது விஷயத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய பிறகு அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடினேன்.

நசரத்பேட்டையில் ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் வீடு. அங்கம்மா ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். காகிதத்தை எழுதியது நான், அவனுக்குக் கொடுத்தது நான், அவனைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான் அம்மா என்று. அவளுக்கு முதலில் விளங்கவில்லை, ஏதோ பெருந்தன்மையாகப் பழியை என் மேல் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்து, "ஐயோ, நீங்க ஏன் சாமி அப்டிலாம் சொல்றீங்கோ" என்றாள். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் முறைதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அவள் முகத்தில் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. முன்பே போட்டு வைத்த டீயை அவள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள், அதை நின்றபடியே குடித்துவிட்டுப் பழத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பல்கலைக்கழக ஆபீசுக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேரு உத்தமனா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பையனோட ஆளுங்க மெரட்டி எழுதி வாங்கினாங்களா பெரியவரே? பயப்படாம சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. உள்ளே செக்‌ஷன் ஆபீசர் அம்மாளிடம் அனுப்பினார்கள். அவர் என்னை உட்கார வைத்து, எங்கிருந்து வருகிறீர்கள், எப்படி வந்தீர்கள், இன்று என்ன கிழமை என்று கேட்டார். எனக்குப் புத்தி சுவாதீனமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று கிழமையைச் சொன்ன பிறகுதான் உறைத்தது. முன்பு எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதும் உடனே நம்பினார்கள், இப்போது புரிந்துதான் செய்தேன் என்று எவ்வளவு சொன்னாலும் நம்ப ஆளில்லை. பரீட்சை அன்று தேவராஜ் மேல் எழுதிய ரிப்போர்ட்டில் பெரியவர் விவரமறியாதவர் என்று எழுதியிருந்தார்களாம். "வீட்ல பிள்ளைங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்றார் அந்த அம்மாள். மறுபடியும் உன் பெயரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரிடமே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கேட்டு வாங்கினேன். பிட்டில் எழுதியிருந்ததை அதே பொடி எழுத்தில் அவர் கண்ணெதிரில் எழுதிக் காட்டினேன். ஒரு பெயர் விடவில்லை லோகா, ஒரு வருஷம் தப்பவில்லை. எத்தனையோ மாதம் முயன்றும் தங்காதது எப்படித்தான் வந்ததோ, எழுத எழுத எனக்கே அழுகை முட்டியது. இது இவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, நான்தான் என்னை நம்பாமல் இருந்திருக்கிறேன். அந்த அம்மாள் ஃபைலைத் திறந்து காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பில்லை, இரக்கமும் இல்லை. "இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அந்தக் குரலில் அவர் பேசியது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

விசாரணைக்குத் தேவராஜும் வந்திருந்தான், அங்கம்மா அனுப்பியிருக்க வேண்டும். பரீட்சைக்குப் பிறகு அன்றுதான் அவனைப் பார்த்தேன், தாடி விட்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவனைக் கேட்டார்கள். "எழுதினது சார்தான். ஆனா நானும்தான் பாக்கெட்ல வெச்சிகினு போனேன்" என்றான், கூட்டியும் சொல்லவில்லை குறைத்தும் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பேப்பரை மட்டும் ரத்து செய்து, அடுத்த முறை எழுதலாம் என்றார்கள். எனக்கு எழுதிய எல்லாப் பேப்பரும் ரத்து, மூன்று வருஷம் தடை. நடுவில் இருந்தவர், வயதைப் பார்த்துக் கொஞ்சம் குறைக்கலாமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். குறைக்க வேண்டாம் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். அதைச் சொல்லும்போதும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது, அதற்கும் வெட்கப்பட்டேன்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவன் பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துவிடு தேவராஜ் என்றேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "நீ என்ன மாட்டி வுட்டது கூட அப்பறந்தான் சார் எனக்கு ஒறச்சிச்சு. அன்னிக்கு வராண்டால குனிஞ்சிகினு, செவுத்த புடிச்சிகினு நடந்த பாரு, நெசமாவே ஒனுக்கு இன்னாவோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லலாம்னுதான் சார்னு கூப்ட்டேன். நீ திரும்பியே பாக்கல." இவ்வளவுதான் சொன்னான். பூந்தமல்லி பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். நானும் அதே பஸ்ஸில்தான் வர வேண்டும், ஏறவில்லை. அவன் என்னைக் காப்பாற்றக் கூப்பிட்ட குரலை, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்துத்தான் நான் அன்று தலையைத் திருப்பாமல் இருந்தேன். வயதில் இருந்து எனக்கு என்ன அறிவு வந்திருந்தது, சொல்.

இதுவரைக்கும் அவன் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டான், முதலாளியும் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம், கடைத்தெருவில் அம்மாவிடம் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அம்மாவிடம் பேசுகிறான், அது போதும். உன் ஆராய்ச்சிக்கு உதவுமோ என்னவோ, எனக்கு ஒன்று விளங்கியிருக்கிறது. குழந்தைக்குத் தெரியாது, கிழவனுக்கு மறந்துபோகும் என்று எழுதியவர்கள் நம்மை அவமதிக்கிறார்கள் என்று நான் கோபப்பட்டேன் அல்லவா. நெருக்கடி வந்தபோது அவர்கள் எழுதி வைத்த அந்தக் கிழவனுக்குள்ளேயே போய் நான் ஒளிந்துகொண்டேன். எனக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. புரியாதவன் மாதிரி அவ்வளவு நன்றாக நடிக்க, புரிந்தவனால்தான் முடியும். இதைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் எனக்கு எழுது. இல்லையென்றால் நீ எழுது, என் பெயரைப் போடாதே, உதாரணத்துக்கு ஆளை மட்டும் வைத்துக்கொள்.

உன் மாணவர்களிடம் என்ன சொல்வது என்பதை உனக்கே விட்டுவிடுகிறேன். குளிருக்கு ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொண்டு போ, ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அம்மா பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் பார்சலில் அனுப்பியிருக்கிறாள், வந்து சேர்ந்ததும் அவளுக்கு ஒரு வரி போடு. நீ எடுத்த வேலை முழுமையாக முடிந்து நல்ல பெயரோடு எப்போதும் நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே. இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் கோபமாகவே எழுது, கேட்க வேண்டியதைக் கேள், வயதானவர், மனம் நொந்துபோவார் என்று பார்த்து ஒரு வார்த்தையையும் மாற்றாதே. எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
உத்தமன்